எந்தூரார் காத்த கேட்

துப்பாக்கி வைத்துக் காவல் காத்தவர்கள் உண்டு, நாய் வைத்துக் காத்தவர்கள் உண்டு. ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரியையே காத்த மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒருவர்தான். தொண்ணூறுகளில், அவிநாசி ரோட்டில், கருமத்தம்பட்டிக்குச் சற்று இந்தப் பக்கம் இருந்த ஓர் இன்ஜினீயரிங் கல்லூரியின் கேட்டில் அவர் நின்றார். நின்றார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பையன்கள் முதல் பிரின்சிபால் வரை எங்கள் எல்லோருக்கும் அவர் எந்தூரார். யார் வந்தாலும் முதலில் "எந்தூருங்க?" என்று கேட்பார், அதனால் அந்தப் பெயர்.

நான் அந்தக் கல்லூரி ஆபீஸில் கிளார்க்காகச் சேர வந்த நாளில், கும்பகோணத்திலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு கேட்டில் நின்றேன். கையில் வேலை உத்தரவு இருந்தது. நீட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, எந்தூருங்க?"

"கும்பகோணம்."

"கும்பகோணத்துல எங்கீங்க?"

நான் குடியிருந்த தெருவைச் சொன்னேன்.

"அங்க தண்ணி எப்புடீங்க? ஆத்துத் தண்ணியா, கெணத்துத் தண்ணியா?"

கிணறுதான், ஆனால் கொஞ்ச நாளாக உப்பு ஏறிவிட்டது என்றேன். எப்போதிலிருந்து உப்பு என்று கேட்டார். தங்கை கல்யாணத்துக்கு முன்பு நன்றாகத்தான் இருந்தது என்றேன். தங்கையை எங்கே கொடுத்திருக்கிறது என்று கேட்டார். மாப்பிள்ளை சுமார்தான், மாமியார்தான் கொஞ்சம் படுத்துகிறாள் என்று நான் சொல்லி முடித்தபோது எனக்கே திக்கென்றது. முன்பின் தெரியாத ஒரு காவலாளியிடம், ரோட்டோரத்தில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, குடும்ப விஷயம் முழுவதையும் கொட்டியிருந்தேன். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"எல்லாம் சரியாப் போயிருமுங்க. உள்ளார போங்க. ஆபீசு எடது பக்கம்."

ஊரைக் கேட்கிறவர்கள் அடுத்து எதைக் கேட்பார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும். நானும் அதற்குத் தயாராகத்தான் நின்றேன். எந்தூரார் அந்தப் பக்கமே போக மாட்டார். ஊரிலிருந்து நேராகத் தண்ணீருக்குப் போவார், தண்ணீரிலிருந்து பஸ்ஸுக்கு, பஸ்ஸிலிருந்து வீட்டு வாசலில் இருக்கும் மரத்துக்கு. அதற்குள் வந்தவர் மனசு திறந்துவிடும். பொய் சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் உளறிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். வசூலுக்கு வந்த போலி ஆசிரமக்காரர் ஒருவர் இரண்டாவது கேள்வியிலேயே பஸ் ஏறியதை நான் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

விரட்டுவதிலும் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவரை வெளியே தள்ளுவதென்றால் முதலில் 'ங்க' போய்விடும். எந்தூரார் வாயில் அது போகவே போகாது. "உள்ளார உடமாட்டேனுங்க. சத்தம் போடாதீங்க. போயிருங்க. பாத்துப் போங்க, பள்ளமிருக்குது" என்பார். வளாகத்துக்குள் மாடு புகுந்தாலும் "ஏனுங்க அம்மணி, அக்கட்டப் போங்க" என்றுதான் ஓட்டுவார். அவர் கையில் இருந்த தடி யார் முதுகிலும் பட்டதில்லை. முக்கால்வாசி நேரம் அதில் அவர் துண்டுதான் காய்ந்துகொண்டிருக்கும்.

மாட்னி ஷோ பார்க்க வகுப்பைக் கட் அடிக்கும் பையன்கள் அவரிடம் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன், தாய்மாமன் செத்துவிட்டார் என்று அழாத குறையாகக் கேட்டுக்கு வந்தான். எந்தூரார் பதறி எழுந்துவிட்டார்.

"அட கெரகமே! எந்தூர்ல கண்ணு? எப்ப எடுக்கறாங்க? மாமாவுக்குப் பசங்க எத்தனை பேரு? அத்தை பாவம், எப்புடித் தாங்குதோ?"

ஒவ்வொரு கேள்விக்கும் பையன் பதில் சொல்லச் சொல்ல, அவர் கண் கலங்கியது. அவர் அழுவதைப் பார்த்து அவனும் அழுதுவிட்டான். படம் பார்க்கப் போனவன் இடைவேளை வரைக்கும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததாகக் கூடப் போனவர்கள் சொன்னார்கள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் எந்தூரார் லீவு போட்டுவிட்டு, துக்கம் விசாரிக்க அந்த ஊருக்கே போய்விட்டார். அதற்கு அடுத்த நாள் காலையில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

"கண்ணு! உங்க மாமா பொழைச்சுட்டாருங்க! நான் போறப்ப வாசல்ல உக்காந்து வெத்தலை போட்டுட்டிருந்தாருங்க!"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. பையன் பெஞ்சுக்கு அடியில் போனான். இது வெகுளித்தனமா, கெட்டிக்காரத்தனமா என்று நான் பல தடவை அவர் முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை. அந்த மாமாவுக்கு வருஷா வருஷம் பொங்கலுக்கு இவர் கரும்பு கொண்டுபோய்க் கொடுத்தார் என்பது மட்டும் தெரியும்.

பிரின்சிபாலுக்கு இதெல்லாம் பிடிக்காது. நல்ல மனிதர்தான், ஆனால் எதுவும் சட்டுபுட்டென்று நடக்க வேண்டும். சென்னையிலிருந்து கல்லூரியைச் சோதிக்க வந்த பெரிய அதிகாரியின் காரை எந்தூரார் நிறுத்தி, "மெட்ராசு சரிங்க, சொந்த ஊரு?" என்று கேட்டபோதே பிரின்சிபாலுக்கு ரத்தம் கொதித்தது. அதிகாரி காரை விட்டு இறங்கி, ஆத்தூர்ப் பக்கத்தில் தன் வீட்டுப் புளியமரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்றுவிட்டார். வரவேற்க மாலையோடு நின்றவர்களின் கையில் மாலை வாடிப்போனது. ஆனாலும் எந்தூராரின் வேலைக்கு ஆபத்து வந்தது அதனால் அல்ல, மோட்டாரால்தான்.

ஹாஸ்டல் கிணற்று மோட்டார் ஒருநாள் காணாமல் போனது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பையன்கள் வாளியைத் தட்டினார்கள். வார்டன் போய்ப் பார்த்தால், மோட்டார் இருந்த சிமெண்ட் மேடையில் போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. விசாரணைக்கு எந்தூராரைப் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். நானும் ஃபைலோடு ஓரமாக நின்றேன்.

"மோட்டாருங்களா? அதை ரிப்பேரு பாத்துக் காயில் கட்ட எடுத்துட்டுப் போனாருங்களே, நம்ம தாராபுரத்துக்காரரு!" என்றார் எந்தூரார், வெகு உற்சாகமாக.

"யாரு அவன்? யாரு அவனை வரச் சொன்னது?"

"வார்டன் சொன்னாருன்னு சொன்னாருங்க. நல்ல மனுசனுங்க. மொபெட்டுல ஒத்தையாத் தூக்கி வெக்கச் சிரமப்பட்டாரு. நான்தான் ஒரு பக்கம் புடிச்சேன். கயிறும் நானே கட்டி உட்டேனுங்க, பல்லடத்து மேட்டுல உழுந்துறக் கூடாதுன்னு."

வார்டன், தான் யாரையும் வரச் சொல்லவில்லை என்றார். எந்தூராரின் முகம் மெதுவாக வெளுத்தது.

"அத்தனை பேரையும் குடைஞ்சு எடுக்கறியே, அவனை ஒண்ணுமே கேக்கலியா?" என்றார் பிரின்சிபால்.

"எல்லாம் கேட்டனுங்க. பாலத்துக்கு அக்கட்ட, தீவனக் கடைக்குப் பின்னால மொத ஊடுங்க. வாசல்ல முருங்கை மரம். ரெண்டு பசங்க, பெரியவனுக்குக் காது வலி."

"பேரு?"

எந்தூரார் தலையைச் சொறிந்தார். "பேரு கேக்கலீங்க. ஊருதான் தெரியுமுங்களே."

விஷயம் இதுதான். எந்தூராருக்குப் பெண் எடுத்த ஊர் தாராபுரம். மாமனார் ஊரிலிருந்து வருகிறவரைச் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்பது எப்படி? அந்த ஊர் நாய் வந்தாலும் அவருக்கு அது மச்சான்தான். திருடனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பையன் காதுக்கு ஒரு கைவைத்தியமும் சொல்லி அனுப்பியிருந்தார்.

பிரின்சிபால் எழுந்து நின்றுவிட்டார். போலீசுக்குப் போனால் முதலில் பிடிக்கப்படுவது மோட்டாரைத் தூக்கிக் கொடுத்த ஆள்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் டைம் கொடுங்க, கொண்டாந்து போடறேன் என்று எந்தூரார் கும்பிட்டார். பிரின்சிபால் யோசித்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். "இவரையும் கூட்டிட்டுப் போ. மோட்டார் இல்லாம வந்தா கேட்டுப் பக்கம் வராதே."

சோமனூர் போய், பல்லடம் போய், அங்கிருந்து தாராபுரம் பஸ் பிடித்தோம். எந்தூரார் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்றுமில்லாதபடி பக்கத்து சீட்டுக்காரரை ஊர் கேட்காமல் வந்தார். அது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"வேலை போச்சுன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"மறுபடி தறிக்குத்தானுங்க போகோணும். இங்க வர்றதுக்கு முந்தி கருமத்தம்பட்டியில பவர்லூம்லதான் கெடந்தேன்."

"அதுல என்ன கஷ்டம்? நல்ல வேலைதானே?"

"வேலைக்கொண்ணும் கொறையில்லீங்க. ஆனாப் பேச முடியாதுங்களே. தறி ஓடுற சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் கத்துனாலும் கேக்காது. கையக் காட்டித்தான் எல்லாம். எங்கூட ஒருத்தரு வருசக் கணக்கா நின்னாருங்க. அவரு எந்தூருன்னு, அவரு செத்து எடுக்கப் போறப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "கேட்டு வேலை கெடைச்ச அன்னிக்கு, வர்றவங்க போறவங்க எல்லார்த்தையும் கேக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சு, எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லீங்க."

இந்த வேலை போனால் இவர் என்ன ஆவார் என்று எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகத்தான் வந்துகொண்டிருந்தேன்.

பாலத்துக்கு அக்கட்ட, தீவனக் கடை, பின்னால் முதல் வீடு. முருங்கை மரம் இருந்தது. சொன்னது சொன்னபடி எல்லாம் இருந்தது. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே போட்டான். ஓடப்போகிறான் என்று நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். ஆனால் அவன் வாயிலிருந்து வந்த சொல் வேறு.

"வாங்க."

"வாரேனுங்க, வாரேனுங்க" என்றார் எந்தூரார். "பையனுக்குக் காது எப்புடி இருக்குதுங்க?"

"இப்பத் தேவலைங்க. நீங்க சொன்னதைத்தான் செஞ்சோம்."

நான் வாயைத் திறந்தேன். எந்தூரார் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். அவன் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். காது சரியான விஷயத்தைச் சொல்லி, கும்பிடாத குறையாக நன்றி சொன்னாள். ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் சாப்பிடாமல் அனுப்புவதா என்று அரிசிம்பருப்புச் சோறு பொங்கி, மேலே நெய் விட்டாள். திருடன் வீட்டில் உட்கார்ந்து, திருடன் மனைவி பரிமாற, திருடன் "இன்னுங்கொஞ்சம் போட்டுக்குங்க" என்று உபசரிக்க, நான் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. எந்தூரார் அதற்குள் முருங்கை மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "தண்ணி எச்சா உடறீங்க, அதுதான் காய்க்க மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்கு வாட உடுங்க" என்றார்.

கை கழுவித் துடைத்த பிறகுதான் பேச்சு எடுத்தார்.

"ஏனுங்க, அந்த மோட்டாரு காயில் கட்டியாச்சுங்களா?"

அவன் சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எந்தூராருக்கு அது வாசலிலேயே விளங்கியிருக்க வேண்டும்.

"கட்டியாச்சுங்க" என்றான். "நானே கொண்டாந்து..."

"உங்களுக்கு எதுக்குங்க வீண் அலைச்சல்? நாங்களே பஸ்சுல போட்டுக்கறோம்."

மோட்டார் உண்மையாகவே காயில் கட்டி, பெயின்ட் அடித்து, விற்பனைக்குத் தயாராகப் பின்கட்டில் சாக்குப் போட்டு மூடியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு அவனே மொபெட்டில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். எந்தூரார் கண்டக்டரிடம் ஊர் விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், என்னால் அடக்க முடியாமல் அவனிடம் கேட்டேன்.

"ஏம்பா, திருட வந்தவன் எதுக்கு நெஜமான விலாசத்தைச் சொன்னே?"

"பொய் சொல்லோணும்னுதானுங்க வந்தேன். பேரு, ஊரு எல்லாம் வேற மாதிரி நெனச்சு வெச்சிருந்தேன். எந்தூருன்னாரு, வாய் தவறித் தாராபுரம்னு வந்துருச்சு. ஊட்டு வாசல்ல என்ன மரம்னாரு, சொன்னேன். காய்க்குதான்னு கேட்டாரு பாருங்க..." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கடன்காரனைத் தவர என் ஊட்டைப் பத்தி யாருங்க கேட்டாங்க? அதுக்கு மேல பொய் வரலீங்க."

மோட்டார் முன்னைவிட நன்றாகத் தண்ணீர் இறைத்தது. பையன்கள் எந்தூராரைத் தோளில் தூக்கினார்கள். பிரின்சிபால் போலீசை மறந்தார், ஆனால் கேட்டை மறக்கவில்லை. ரிட்டயரான மிலிட்டரிக்காரர் ஒருவரை வரவழைத்தார். முறுக்கிய மீசை, இஸ்திரி கலையாத சட்டை. அவர் மைதானத்தில் எந்தூராரை நிறுத்தி, கல்லூரிக் காவலாளிக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். சல்யூட் அடிக்கச் சொன்னபோது எந்தூரார் தடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். ஓடச் சொன்னபோது, யாரைப் பிடிக்க என்று கேட்டார். தீ பிடித்தால் என்ன செய்வாய் என்றதற்கு, யார் ஊட்டுல என்று கேட்டார்.

மிலிட்டரிக்காரர் பெருமூச்சு விட்டார். "காவல்காரனுக்குக் கண்ணு வேணும், காது வேணும், காலு வேணும். வாய் மட்டும் கூடாது. கார்டைப் பாரு, சல்யூட் அடி, உள்ளே விடு. பேசாதே. புரியுதா?"

பிரின்சிபால் அதையே ஆர்டராகப் போட்டுவிட்டார். ஒரு வாரம் பார்ப்போம், கேட்டில் யாரிடமாவது கதை பேசினால் வேறு ஆள் என்றார்.

மறுநாளிலிருந்து எந்தூரார் புது காக்கிச் சட்டையில், ஸ்டூல் இல்லாமல், விறைப்பாக நின்றார். கார்டைப் பார்த்தார். சல்யூட் அடித்தார். உள்ளே விட்டார். கேட்டில் அப்படியொரு சுறுசுறுப்பை நாங்கள் பார்த்ததில்லை. யாருக்கும் அது பிடிக்கவுமில்லை. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னுங்க, எம்மேல கோவமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஊருக்குப் போய் வந்த பையன்கள் கார்டை நீட்டிவிட்டுப் போக மனமில்லாமல், "தண்ணி வந்துருச்சுங்க, போர் போட்டாச்சுங்க" என்று தாங்களாகவே சொன்னார்கள். பொள்ளாச்சிப் பையன், மாமாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று சொன்னான். இந்தத் தடவை நிஜம். எந்தூரார் உதட்டைக் கடித்துக்கொண்டு, தறிச் சத்தத்தில் செய்ததாகச் சொன்னாரே அதுபோல, கையை அசைத்து ஏதோ ஜாடை காட்டினார். எனக்கு ஜன்னலை மூடிவிடலாம் போல இருந்தது.

வாரம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, மத்தியானம் பிரின்சிபாலின் கார் வெளியே போனது. எந்தூரார் சல்யூட் அடித்தார். கார் கேட்டைத் தாண்டி, நின்று, பின்னால் வந்தது. கண்ணாடி இறங்கியது.

"யோவ், இந்நேரத்துல எங்க போறேன்னு கேக்க மாட்டியா?"

எந்தூரார் வாயைத் திறக்கவில்லை. சல்யூட் அடித்த கையையும் இறக்கவில்லை.

"உன்னைத்தான்யா கேக்கறேன்."

"பேசக் கூடாதுன்னு ஆர்டருங்க."

"ஆர்டர் போட்டவனே சொல்றேன். கேளு."

எந்தூரார் காரின் கிட்டே போனார். குரல் கரகரத்தது. "எங்கீங்க போறீங்க?"

"சத்தியமங்கலம். எங்கக்கா ஆஸ்பத்திரியில இருக்குது." பிரின்சிபாலுக்கு ஓர் அக்கா இருப்பதே எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னார். "என்னைத் தூக்கி வளர்த்தது. நேத்திலிருந்து கண்ணு முழிக்கலை."

எந்தூரார் ஜன்னல் மேல் கையை வைத்தார். அக்காவுக்கு எத்தனை பிள்ளைகள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எந்த டாக்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரின்சிபால் ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்னால் நின்ற கல்லூரி பஸ் ஹார்ன் அடிக்கவில்லை. கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பிரின்சிபால் காரை எடுத்தார்.

"மெதுவாப் போங்க" என்றார் எந்தூரார். "பொழுதோட வர்றப்ப எப்புடி இருக்குதுன்னு சொல்லிப்போட்டுப் போங்க. நான் இங்கயேதான் இருப்பேனுங்க."

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பியபோது, ஸ்டூல் பழைய இடத்துக்கு வந்திருந்தது. அவர் யாரையோ எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்வதற்குப் புதிதாக ஒரு சங்கதியும் இல்லை. இருந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி, ஸ்டாண்டு போட்டு, என் முறை வரும் வரைக்கும் நின்றேன்.